கிரீட் தீவின் நடைவழிகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அந்நாட்டின் அரண்மனைகளையும் கோட்டைகளையும் நாடிச் செல்வர். கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான கிரீட் தீவுக்குச் செல்வோரும் அவ்வாறே முதலில் கினாசஸ் அரண்மனையைக் காண விரைகின்றனர். 1900ஆம் ஆண்டில் ஆர்தர் எவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அகழத் தொடங்கி வெளிக்கொணர்ந்த அவ்வரண்மனை, மினோவ நாகரிகத்தின் பெருமையை உலகறியச் செய்தது. ஆயினும் அத்தீவின் தென்மேற்குப் பகுதியில் அரண்மனை என்று காட்டத்தக்கது எதுவும் இல்லை. அங்கே இருப்பவை செங்குத்தான மலைகளும், அம்மலைகளைப் பிளந்து கடலை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்குகளும், அவற்றினூடே மனிதரும் கழுதைகளும் ஆடுகளும் நடந்து நடந்து ஏற்படுத்திய ஒற்றையடிப் பாதைகளுமே ஆகும். இப்பாதைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மன்னர் பெயர்களை மிகுதியாகக் கொண்டிராத அவ்வரலாறு, எளிய மக்கள் தம் உரிமையையும் உயிரையும் எவ்வாறு காத்துக் கொண்டனர் என்பதை நமக்கு எடுத்துரைக்கின்றது.

நிலத்தின் இயல்பு

கிரேக்கத் தீவுகளுள் மிகப் பெரியது கிரீட். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளமுடையது. வடக்குத் தெற்காகச் சில இடங்களில் 12 கிலோமீட்டரும், மிக அகன்ற இடத்தில் 60 கிலோமீட்டருமே அகலமுடையது. இக்குறுகிய நிலப்பரப்பில் 2,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. மேற்கே உள்ள மலைத்தொடரை அம்மக்கள் வெண்மலைகள் என்பர். மாரிக்காலப் பனியும், கோடையில் வெயிலில் ஒளிரும் சுண்ணாம்புப் பாறையும் அப்பெயருக்குப் பொருத்தமாக அமைந்துள்ளன. அத்தொடரின் உச்சியான பாக்னெஸ் 2,453 மீட்டர் உயரமுடையது.

வடக்கே இம்மலைகள் படிப்படியாகச் சரிந்து சமவெளியாகின்றன. அங்கேதான் நகரங்களும் துறைமுகங்களும் அமைந்தன. தெற்கிலோ மலை நேரே கடலில் இறங்குகின்றது. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே மருதம் என்று சொல்லத்தக்க வயல்நிலம் அங்கே இல்லை எனலாம். ஸ்பாக்கியா எனப்படும் இப்பகுதியின் மக்கள் ஆடு வளர்த்தும், தேன் எடுத்தும், கப்பலோட்டியும் வாழ்ந்தனர். கோடையில் ஆடுகளை மலையுச்சிக்கு ஓட்டிச் சென்று, கல்லால் அடுக்கிய குடில்களில் தங்கிப் பாலாடைக்கட்டி செய்வர். பனி விழத் தொடங்கும் முன் கடலோரத்திற்கு இறங்கி வருவர். ஆண்டுதோறும் நிகழும் இந்த ஏற்றமும் இறக்கமுமே முதல் பாதைகளை உண்டாக்கின.

பாதை என்றவுடன் தானே தோன்றிய தடம் என்று எண்ணிவிடுதல் கூடாது. செங்குத்தான சரிவுகளில் வளைந்து வளைந்து ஏறும்படி, ஓரங்களில் சாந்தில்லாத கற்சுவர் எழுப்பி, தளத்தில் கல் பதித்து, மழைநீர் வழிய இடைவெளி விட்டு அமைத்த வழிகள் பல உள்ளன. சுமையேற்றிய கழுதை வழுக்காமல் ஏறுவதற்கு ஏற்ற அளவில் அவற்றின் படிகள் அமைந்துள்ளன. இத்தகைய கல்வழியைக் கிரேக்கர் 'கல்தெரீமி' என்பர். அது துருக்கி மொழியிலிருந்து கிரேக்கத்தில் புகுந்த சொல். கல் என்னும் நம் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை. ஓசை ஒப்புமை தற்செயலாக நேர்ந்ததே. அவற்றை அமைத்தவர் யார் என்பதைப் பெரும்பாலான வழிகளில் எக்கல்வெட்டும் கூறவில்லை. ஊரார் தம் கைகளாலேயே அமைத்து, ஒவ்வொரு மாரிக்குப் பின்னரும் சரிந்த கல்லை மீண்டும் எடுத்து வைத்து வந்தனர்.

சமரியாப் பள்ளத்தாக்கு

இப்பகுதியின் வழிகளுள் பெரும்புகழ் பெற்றது சமரியாப் பள்ளத்தாக்கின் வழியாகும். ஒமாலோஸ் என்னும் மேட்டுநிலத்தின் விளிம்பில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் அது தொடங்குகின்றது. தொடங்கும் இடத்திற்கு 'மரப்படிக்கட்டு' என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. அங்கிருந்து பைன் மரங்களுக்கும் சைப்ரஸ் மரங்களுக்கும் இடையே இறங்கி, ஓடையைப் பலமுறை கடந்து, 16 கிலோமீட்டர் நடந்தால் அகியா ரூமெலி என்னும் கடற்கரைச் சிற்றூரை அடையலாம். வழியில் ஓரிடத்தில் இருபுறப் பாறைகளும் ஏறத்தாழ 4 மீட்டர் இடைவெளி அளவுக்கு நெருங்கி வந்து, 300 மீட்டர் உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கின்றன. அவ்விடத்தை இரும்புக் கதவுகள் என்று பலரும் அழைக்கின்றனர். மாரிக்காலத்தில் வெள்ளம் அக்கதவுகளை அடைத்துவிடும். அக்காலத்தில் மேலிருந்து கீழே செல்ல எவராலும் இயலாது.

இவ்வழி மிகத் தொன்மையானது. பள்ளத்தாக்கின் வாயிலில், இன்றைய அகியா ரூமெலிக்கு அருகில், பண்டைக் காலத்தில் தார்ரா என்னும் நகர் இருந்தது. அந்நகர் வெளியிட்ட நாணயங்களில் காட்டாடும் தேனீயும் பொறிக்கப்பட்டன. அந்நிலத்தின் செல்வம் எது என்பதை அந்நாணயங்களே நமக்கு அறிவிக்கின்றன. பள்ளத்தாக்கின் நடுவே இருந்த சமரியா என்னும் ஊர், அங்குள்ள தூய மரியாளின் கோவிலால் பெயர் பெற்றது. ஓசியா மரியா என்னும் அக்கோவிலின் பெயரே மருவிச் சமரியா ஆயிற்று. வெனிசியர் தீவை ஆண்ட காலத்தில், 1379ஆம் ஆண்டில், எழுந்ததாகக் கூறப்படும் அக்கோவில் இன்றும் நிற்கின்றது.

அகியா ரூமெலியிலிருந்து கிழக்கே கடலை ஒட்டி மற்றொரு வழி செல்கின்றது. கடற்கரையிலேயே நிற்கும் தூய பவுலின் சிறு கற்கோவிலைக் கடந்து, ஏறத்தாழ 5 மணி நேரம் நடந்தால் லூத்ரோ என்னும் துறையை அடையலாம். மாரிக்காலத்தில் கப்பல்கள் ஒதுங்கத்தக்க பீனிக்ஸ் துறைமுகம் என்று விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் குறிப்பிடுவது இவ்விடத்தையே என்று அறிஞர் பலரும் கருதுவர். லூத்ரோவுக்கு நேர் மேலே மலைமீது அனோப்போலி என்னும் ஊர் உள்ளது. மேலூர் என்பது அப்பெயரின் பொருள். மேலூருக்கும் கீழ்த்துறைக்கும் இடையே வளைந்து வளைந்து இறங்கும் கல்வழியே பல நூற்றாண்டுகள் அப்பகுதியின் வாணிக வழியாக விளங்கியது.

ஆசிரியர் என்று பெயர் பெற்ற வீரர்

சாலை இல்லாமை மக்களுக்குத் துன்பம் தந்தது. அதுவே அவர்களுக்கு அரணாகவும் அமைந்தது. 1645இல் கிரீட்டின்மீது படையெடுத்த துருக்கியர், 1669இல் தலைநகரைக் கைப்பற்றித் தீவு முழுமைக்கும் தலைவராயினர். எனினும் ஸ்பாக்கியாவின் மலைகளில் அவர்தம் ஆட்சி ஆழமாக வேரூன்றவில்லை. குதிரைப்படை ஏற இயலாத வழிகளும், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நுழையக்கூடிய கணவாய்களும் அம்மக்களுக்குக் கோட்டைகளாயின.

1770ஆம் ஆண்டில் அனோப்போலியில் பிறந்த ஒருவர் பெருங்கிளர்ச்சி ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அவர்தம் இயற்பெயர் யோவான் விளாக்கோஸ். கப்பல்களுக்கு உரிமையாளராகச் செல்வத்துடன் வாழ்ந்தவர், கற்றவர். கல்வியறிவு அரிதாயிருந்த அம்மலைநாட்டில் அவரை மக்கள் 'தாஸ்கலோயான்னிஸ்', அதாவது ஆசிரியர் யோவான் என்று அழைத்தனர். ருசிய நாட்டின் துணை கிடைக்கும் என்று நம்பி அவர் கிளர்ச்சியில் இறங்கினார். அத்துணை வந்து சேரவில்லை. துருக்கியப் பெரும்படை மலையேறி வந்து ஊர்களை எரித்தது. பெண்டிரும் சிறாரும் சமரியாப் பள்ளத்தாக்கில் அடைக்கலம் புகுந்தனர். இறுதியில் ஆசிரியர் யோவான் பகைவரிடம் தம்மை ஒப்படைத்தார். 1771ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், தீவின் தலைநகரில் அவரை உயிருடன் தோலுரித்துக் கொன்றனர்.

இவ்வரலாறு நமக்குக் கிடைத்த முறையும் அறியத்தக்கது. பாலாடைக்கட்டி செய்யும் தொழிலினரான பந்த்செலியோஸ் என்னும் முதியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆசிரியர் யோவானின் கதையை ஏறத்தாழ 1,000 அடிகள் கொண்ட பாடலாகப் பாடினார். 1786இல் ஒரு சமயப் பணியாளர் அவர் பாடப் பாட அதனை எழுதி வைத்தார். எழுதப் படிக்க அறியாத ஒருவரின் நாவிலிருந்து, எழுத்தறிந்த தலைவர் ஒருவரின் வரலாறு ஏட்டில் ஏறியது. மலைவழிகளில் நடந்தோரின் வாயிலாகவே அப்பாடல் ஊரூராகப் பரவியது. இன்று கானியா நகர வானூர்தி நிலையம் ஆசிரியர் யோவானின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சாலை முடிந்த இடம்

தன்னாட்சியை 1898இலும் கிரேக்கத்துடனான இணைப்பை 1913இலும் பெற்ற கிரீட், இரண்டாம் உலகப் போரில் மீண்டும் போர்க்களமாயிற்று. 1941ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் செருமானியப் படையினர் வானிலிருந்து குதிகுடைகளில் இறங்கினர். தீவில் தங்கியிருந்த கிரேக்க மன்னர் இரண்டாம் ஜார்ஜ், சிறு துணைப்படையுடன் வெண்மலைகளைக் கால்நடையாகக் கடந்து அகியா ரூமெலியை அடைந்தார். மே 22ஆம் நாள் இரவில் பிரித்தானியப் போர்க்கப்பல் அவரை ஏற்றிச் சென்றது. நாடாளும் மன்னருக்கும் அன்று உயிர் காத்தது ஆட்டிடையர் வழியே.

சில நாள்களுக்குள் பிரித்தானிய, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் வடகரையிலிருந்து தென்கரைக்குப் பின்வாங்க நேர்ந்தது. அவர்கள் வந்த சாலை கடலை எட்டவில்லை, மலைவிளிம்பிலேயே முடிந்துபோயிற்று. அதற்குப் பின் ஆட்டுத்தடங்களும் பள்ளத்தாக்குகளுமே வழியாயின. களைத்தும் காயமுற்றும் நீரின்றியும் வந்த வீரர்கள் இருளில் அவ்வழிகளில் இறங்கினர். மே 28 முதல் நான்கு இரவுகள் ஸ்பாக்கியாக் கடற்கரையிலிருந்து கப்பல்கள் 10,000க்கும் மேற்பட்டோரை மீட்டுச் சென்றன. இடமின்மையால் ஆயிரக்கணக்கானோர் கரையிலேயே விடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். சிலர் மலையேறித் தப்பினர்.

அவ்வாறு மலையேறியோரைக் கிரீட்டு மக்கள் தம் வீடுகளிலும் குகைகளிலும் மறைத்து உணவளித்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. செருமானியரை எதிர்த்த குற்றத்துக்காகக் கந்தானோஸ் என்னும் ஊர் 1941 ஜூன் 3ஆம் நாள் முற்றாக அழிக்கப்பட்டது. பிற ஊர்களும் பின்னர் அவ்வாறே எரிந்தன. விருந்தோம்பல் என்பது உயிரைப் பணயம் வைக்கும் அறமாக அங்கே விளங்கியது.

ஓடித் தூது சென்ற இடையர்

அந்நாள்களில் மலைவழிகளை நன்கு பயன்படுத்தியவர்களுள் ஒருவர் ஜார்ஜ் சைக்கூந்தாக்கிஸ். அசிகோனியா என்னும் மலையூரில் 1920இல் வறிய குடும்பத்தில் பிறந்தவர். ஆடு மேய்த்து வாழ்ந்த அவ்விளைஞர், பகைவரை எதிர்த்த இயக்கத்தின் தூதரானார். மலைமீது மறைந்திருந்த கம்பியில்லாத் தந்தி நிலையங்களுக்கும் ஊர்களுக்கும் இடையே செய்திகளையும் கருவிகளையும் சுமந்து, கிழிந்த காலணிகளுடன் இரவும் பகலும் நடந்தார், ஓடினார். சாலைகளிலும் பாலங்களிலும் பகைவர் காவல் நின்றனர். ஆட்டுத்தடங்கள் அனைத்திலும் காவல் வைக்க எந்தப் படையாலும் இயலவில்லை. 1944 ஏப்ரல் 26ஆம் நாள் செருமானியத் தளபதி கிரைப்பே என்பவரைப் பிரித்தானிய அதிகாரிகளும் கிரீட்டு வீரர்களும் கடத்தியபோது, அவரை மலைகளின் மேலாக நடத்திச் சென்று மே 14ஆம் நாள் தென்கரையில் கப்பலேற்றியதும் இத்தகைய வழிகளிலேதான்.

போர் முடிந்த பின் சைக்கூந்தாக்கிசுக்குப் பாராட்டுக்கு முன் சிறையே வாய்த்தது. கட்டாயப் படைப்பணியைத் துறந்து ஓடியவர் என்று தவறாகக் கருதி அவரைச் சிறையிலிட்டனர். அங்கே அவர் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். பள்ளிப்படிப்பை மிகுதியாகப் பெறாத அவர் எழுதிய நூல், அவருடன் மலையில் வாழ்ந்த பாட்ரிக் லீ பெர்மர் என்னும் எழுத்தாளரின் மொழிபெயர்ப்பில் 1955இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. படைத்தலைவர்கள் எழுதிய போர் வரலாறுகள் பல உண்டு. தூது சுமந்து ஓடிய எளியவர் ஒருவர் எழுதிய வரலாறு என்பதே அந்நூலின் தனிச்சிறப்பு. பிற்காலத்தில் அவர் ஹோமரின் இருபெருங் காப்பியங்களையும் கிரீட்டின் வட்டார மொழியில் பெயர்த்தார். ஏதென்சு நகரக் கல்விக்கழகம் அவரைப் போற்றியது.

அவர் வாழ்வில் மற்றொரு செய்தியும் உண்டு. மாலெமே என்னும் இடத்தில் செருமானிய வீரர்களின் கல்லறைத் தோட்டம் அமைந்தபோது, அதனைப் பேணும் காவலராக அவர் பல்லாண்டுகள் பணியாற்றினார். எவரிடமிருந்து தப்ப இரவெல்லாம் ஓடினாரோ, அவர்தம் கல்லறைகளின் மேல் வளர்ந்த களையை அவர் கைகளே நீக்கின. பகையைப் பற்றி நூல்கள் கூறும் பல அறிவுரைகளினும் இச்செயல் உயர்ந்தது. 2006ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ஊர் நீங்கியது, வழி எஞ்சியது

போருக்குப் பின் மலைவழிகளின் நிலை மாறிற்று. வெண்மலைகளில் வாழும் 'கிரிகிரி' என்னும் காட்டாடு வேட்டையாலும் பசியாலும் அருகிப் போயிருந்தது. அதனையும் அப்பகுதியின் காட்டையும் காக்கும் பொருட்டு 1962இல் கிரேக்க அரசு சமரியாப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. துருக்கியர் காலத்தில் பெண்டிரையும் சிறாரையும் காத்த ஊர், செருமானியர் காலத்திலும் அழியாது நின்ற ஊர், பாதுகாப்பு என்னும் நற்செயலின் பெயரால் ஆளற்றுப் போயிற்று. 1981இல் யுனெஸ்கோ நிறுவனம் அப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. காட்டாடு பிழைத்தது, சைப்ரஸ் மரங்கள் தழைத்தன. சாதாரண ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், மே மாதம் முதல் அக்டோபர் வரை, அவ்வழியே நடந்து இறங்குகின்றனர். சமரியா ஊரின் கல்வீடுகளுக்கு இடையே அமர்ந்து அவர்கள் களைப்பாறுகின்றனர்.

இதனை வெறும் இழப்பென்று கூறிவிடுதல் முறையன்று. பூங்காவால் காடு காக்கப்பட்டது. அகியா ரூமெலி மக்கள் வந்து செல்வோரால் வாழ்வு பெற்றனர். மலைவாழ்வை இன்பமயமானதாகக் கற்பனை செய்வதும் தவறாகும். மருத்துவரை அடைய ஒரு பகல் நடக்க வேண்டியிருந்த வாழ்வு அது. அரசின் கை எட்டாத இடத்தில் அரசின் நீதியும் எட்டவில்லை. குடும்பப் பகையும் பழிக்குப் பழியும் ஊர்களை அழித்தன. அனோப்போலிக்கு அருகிலுள்ள அராதேனா என்னும் ஊர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெறிச்சோடியதற்கு அத்தகைய குருதிப்பகையே காரணம். எந்த மலை பகைவரைத் தடுத்ததோ, அதே மலை நீதியையும் மருந்தையும் தடுத்தது.

அந்த அராதேனாவுக்குச் செல்ல, முன்னர் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் ஒரு கரையில் கல்வழியே இறங்கி, மறுகரையில் அவ்வாறே ஏற வேண்டும். 1986இல் அதன் குறுக்கே இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. ஒரு மணி நேர உழைப்பு ஒரு நிமிடப் பயணமாயிற்று. பாலத்தின்மீது நின்று கீழே நோக்குவோர், இருபுறச் சரிவுகளிலும் வளைந்து வளைந்து கிடக்கும் பழைய கல்வழியை இன்றும் காணலாம். அகியா ரூமெலிக்கும் லூத்ரோவுக்கும் மோட்டார் சாலை இன்றும் இல்லை. படகிலோ கால்நடையாகவோ மட்டுமே அவற்றை அடைய இயலும். தென்கரையின் அவ்வழி, ஐரோப்பாவின் பல நாடுகளை இணைக்கும் ஈ-4 என்னும் நெடுநடைப் பாதையின் பகுதியாகிவிட்டது. முன்பு தேவைக்காக நடந்த வழியில் இன்று மக்கள் விரும்பி நடக்கின்றனர்.

வழி என்னும் ஏடு

வழி ஒன்று நிலைப்பதற்கு இரண்டு தேவை. ஒன்று, அதில் நடக்கும் கால். மற்றொன்று, சரிந்த கல்லை எடுத்து வைக்கும் கை. இன்று கிரீட்டின் புகழ்பெற்ற வழிகளில் கால்களுக்குக் குறைவில்லை. கல்லை எடுத்து வைத்த கைகளே குறைந்துவிட்டன. புகழ் பெறாத கல்வழிகள் பல முட்புதர் மூடி மறைகின்றன. வேறு சில, புல்டோசர் கொண்டு அமைத்த சாலைகளின் அடியில் புதைந்தன. ஒரு வழி மறையும்போது அதன் வளைவுகளுக்கும் ஊற்றுகளுக்கும் பாறைகளுக்கும் ஊரார் இட்ட பெயர்களும் உடன் மறைகின்றன. பெயர் மறைந்தபின் அங்கே நிகழ்ந்ததைச் சுட்டிச் சொல்ல வழியில்லை.

வரலாறு பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கல்வெட்டும் செப்பேடும் ஆள்வோர் எழுதி வைத்தவை. கால்வழியோ ஆளப்பட்டோர் எழுதி வைத்தது. ஆசிரியர் யோவானின் மக்கள் ஓடி ஒளிந்ததும், மன்னர் ஒருவர் உயிர் தப்பியதும், தோற்ற படையொன்று கடலை எட்டியதும், ஆட்டிடையர் ஒருவர் செய்தி சுமந்து ஓடியதும் ஒரே மலையின் வழிகளில் நிகழ்ந்தன. அவ்வழிகளைப் படிக்கக் கற்றவர் கிரீட்டின் வரலாற்றை அரண்மனையின் வாயிலோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். பாடம் கேட்ட மாணவர், தம் ஊரின் பழைய வழி ஒன்றை நடந்து பார்த்து, அதில் நடந்த முதியோரிடம் அதன் பெயர்களைக் கேட்டு எழுதி வைப்பாராயின், வரலாற்றுக் கல்வி தன் பயனை எய்தியதாகும்.